வண்டி போடும் சத்தம்: காது கொடுத்தால் காசு மிச்சம்

கட்டை வண்டி ஓட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அச்சு 'கீர்... கீர்...' என்று கத்த ஆரம்பித்தால் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? வண்டியை ஓரம் கட்டினார்கள். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சுக்கு வண்டி மை தடவினார்கள். அத்தோடு சரி. கத்துகிற அச்சோடு பத்து மைல் போகலாம் என்று எவரும் நினைத்ததில்லை. அச்சு தேய்ந்தால் நடு வழியில் நிற்க வேண்டும், மாடு இரண்டும் வீணாக இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்குப் படப்பை, மணிமங்கலம், சோமங்கலம், கூடுவாஞ்சேரி பக்கத்திலிருந்து கீரையும் காயும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்படுகிற வண்டி எது? நாம் 'குட்டியானை' என்று செல்லமாகச் சொல்லும் சின்ன லோடு வண்டி. சிலர் பழைய வேன் வைத்திருக்கிறார்கள், சிலர் கார் வைத்திருக்கிறார்கள். இந்த வண்டி கத்தினால் நாம் என்ன செய்கிறோம்? பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறோம்! 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறோம்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். குட்டியானைக்கும் அது பொருந்தும். செலவு பின்னால் வருகிறது; சத்தம் முன்னால் வருகிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 'என்ன சத்தம்' என்பதைவிட 'எப்போது சத்தம்' என்பதே முக்கியம்.

சக்தி போகும் பாதை

பம்புசெட்டில் இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாகப் போய், மடையில் திரும்பி, பாத்திக்குப் பாய்கிறது இல்லையா? அதுபோல எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர ஒரு பாதை உண்டு.

முதலில் கிளட்ச். மடை திறப்பதும் அடைப்பதும் போல, எஞ்சினை கியர் பாக்ஸோடு சேர்ப்பதும் பிரிப்பதும் இதன் வேலை. அடுத்தது கியர் பாக்ஸ். ஏற்றத்துக்கும் பாரத்துக்கும் தக்கபடி வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டித் தருவது இது. அதற்கும் பின்னால், வண்டியின் அடியில் நீளமாகச் சுற்றும் குழாய் புரொப்பெல்லர் ஷாப்ட். அதன் முனைகளில் சிலுவை மாதிரி இருக்கும் சாமானைத்தான் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்கிறார்கள். கடைசியில் பின் சக்கரங்களுக்கு நடுவே பானை மாதிரி உருண்டிருப்பது டிபரன்ஷியல்.

டிபரன்ஷியல் எதற்கு? களத்தில் பிணையல் ஓட்டியவர்களைக் கேளுங்கள். உள்பக்கத்து மாடு நின்ற இடத்திலேயே அடி எடுத்து வைக்கும். வெளிப்பக்கத்து மாடு எட்டி நடக்க வேண்டும். வண்டி திரும்பும்போதும் அதே கதைதான். வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் இழுவை போய்ச் சேர வேண்டும். அதைப் பிரித்துக் கொடுப்பதுதான் டிபரன்ஷியல்.

இப்போது பாதை தெரிந்துவிட்டது. சத்தத்தைத் தேடிக்கொண்டு அதே வழியில் போவோம்.

நின்ற இடத்தில் ஒரு சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, நூட்ரலில் வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். கிளட்ச் மிதியின் மேல் கால் இருக்கக் கூடாது. அரை நிமிஷம் கேளுங்கள். பிறகு கிளட்சை மெதுவாக முழுக்க அழுத்துங்கள். மறுபடி கேளுங்கள்.

கால் எடுத்திருக்கும்போது 'கொர்' என்று ஒரு சத்தம் இருந்து, மிதியை அழுத்தியதும் அது நின்றுவிட்டால், குறை கியர் பாக்ஸின் முன்பக்கத்துப் பேரிங்கில் இருக்கலாம். ஏனென்றால் மிதியை அழுத்தினால் கியர் பாக்ஸுக்குள் சுற்றல் நின்றுவிடுகிறது. ஆனால் டீசல் வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பல்லும் பல்லும் தட்டிக்கொள்ளும் ஒரு லேசான 'கடகட' சகஜம். அதற்காகப் பயப்பட வேண்டாம். நாளுக்கு நாள் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, மிதியை அழுத்தும்போது மட்டும் 'ஸ்ஸீ' என்றோ 'கிர்' என்றோ சத்தம் கிளம்பினால், பெரும்பாலும் அது ரிலீஸ் பேரிங். கிளட்சை அழுத்தும்போது வேலை செய்கிற பேரிங் அது. பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போது நம்மில் பலர் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். அந்தப் பேரிங்குக்கு ஓய்வே இல்லை. கிளட்ச் பிளேட்டும் சேர்ந்து தேய்கிறது. நின்றால் நூட்ரல், கால் தரையில். இந்தப் பழக்கம் ஒன்றே பல நூறு ரூபாய் மிச்சம்.

இன்னொரு விஷயம். ரிலீஸ் பேரிங் மாற்ற கியர் பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலி அதிகம். ஆகவே அப்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் இறக்கினால் அதே கூலியை இரண்டு தடவை கொடுத்ததாக ஆகும்.

கியர் விழும்போது 'கர்ர்'

கியர் போடும்போது பல் அரைபடும் சத்தம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதில் இரண்டு வகை உண்டு.

எல்லா கியரிலும் அரைபட்டால், குறிப்பாக ரிவர்ஸ் போடும்போது அதிகமாகக் கத்தினால், குறை கிளட்சில். மிதியை முழுக்க அழுத்தியும் எஞ்சினும் கியர் பாக்ஸும் பிரியவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது ஆயில் வைத்த கிளட்சில் காற்று புகுந்திருக்கும். கேபிளைச் சரிக்கட்டினாலே பல சமயம் தீர்ந்துவிடும். கியர் பாக்ஸைப் பிரிக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு கியரில் மட்டும், உதாரணமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் அரைபட்டால், அந்த கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். பித்தளை மாதிரி மஞ்சள் உலோகத்தால் ஆன சின்ன வளையம் அது. வேகமாகச் சுற்றும் சாமானையும் மெதுவாகச் சுற்றும் சாமானையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே பல்லைச் சேர்க்கிறது. நாம் கியர் தடியை வெடுக்கென்று தள்ளினால் வளையத்துக்கு வேலை செய்ய நேரம் ஏது? கொஞ்சம் பொறுமையாகப் போடுங்கள்.

ரிவர்ஸில் வரும் 'ஊய்' என்ற சத்தத்தைக் கேட்டு மட்டும் மிரள வேண்டாம். முன்னே போகும் கியர்களில் பல் சாய்வாக வெட்டியிருக்கும், அதனால் சத்தம் குறைவு. ரிவர்ஸ் கியரில் பெரும்பாலான வண்டிகளில் நேர்ப்பல். நேர்ப்பல் கத்தத்தான் செய்யும். அது குறை அல்ல, சுபாவம்.

'டக்' என்று ஓர் அடி

முன்னே போய்க்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி ரிவர்ஸ் எடுக்கும்போது அடியில் 'டக்' என்று ஓர் அடி விழுகிறதா? புறப்படும்போதும், ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் அதே அடியா? அல்லது மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல 'கீச் கீச்' என்று வேகத்துக்குத் தகுந்தபடி கேட்கிறதா? அப்படியானால் புரொப்பெல்லர் ஷாப்டின் கிராஸைப் பாருங்கள். கிரீஸ் வற்றினால் கீச்சிடும். தேய்ந்தால் 'டக்' என்று அடிக்கும்.

சோதிப்பது எளிது. ஆனால் ஜாக்கிரதை. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாலு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். வண்டி ஆறியிருக்க வேண்டும். ஷாப்டைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கிராஸ் இருக்கும் இடத்தில் ஆட்டம் கண்டால், அல்லது சுற்றிலும் செம்பழுப்பாகத் துருத்தூள் படிந்திருந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது.

இந்தச் சத்தத்தை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. ஏன் சொல்கிறேன் என்றால், பாரத்தோடு ஓடும்போது கிராஸ் உடைந்தால் ஷாப்ட் கழன்று விழும். முன்முனை கழன்றால் அது ரோட்டில் குத்தி, வண்டியையே தூக்கிப் போடக்கூடும். பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் போகும் பைபாஸில், விடியற்காலை இருட்டில், பின்னால் லாரிகள் விரைந்து வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? கீரை வாடுவது இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து. கிராஸ் மாற்றும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாம்பரம் பக்கத்துக் கதை ஒன்றையும் இங்கே சொல்லலாம். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1961 முதல் அங்கே ஹெரால்டு கார் செய்தார்கள். அதில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. ஆகவே பின் ஆக்ஸிலிலும் ஜாயிண்டுகள் இருந்தன. நம் நாட்டு ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த கெசல் காரில் முழு ஆக்ஸிலாகவே மாற்றிவிட்டார்கள். 1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் அந்தப் பாடம் மூடப்படவில்லை. ஜாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே கவனிப்பும் இருக்க வேண்டும்.

முன் சக்கரம் இழுக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த நீள ஷாப்ட் கிடையாது. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால், சக்கரத்துக்குப் போகும் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போவதுதான் பெரும்பாலும் காரணம். உறையைக் கிழிந்த அன்றே மாற்றினால் ஜாயிண்ட் பிழைக்கும்.

ஓடும்போது ஊளை

வேகம் பிடித்ததும் 'ஊ...' என்று ஊளையிடும் சத்தம்தான் ஆளைக் குழப்புவது. கியர் பாக்ஸா, டிபரன்ஷியலா, சக்கரப் பேரிங்கா, டயரா?

நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். என் வண்டி ஊளையிட்டது. கியர் பாக்ஸ் பேரிங்தான் என்று நானே முடிவு கட்டி, இறக்கி, பேரிங் மாற்றினேன். செலவு ஆச்சு. வண்டியை எடுத்தால், அதே ஊளை! கடைசியில் பார்த்தால் பின் டயர் ஒருபக்கமாக மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகக் காது கொடுத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அந்த நிதானம் இதுதான்:

தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்குப் போகும்போது சத்தம் மாறினால், அது டயர்.

ஒரு கியரில் மட்டும் ஊளை இருந்து மற்ற கியரில் இல்லாவிட்டால், அந்த கியரின் பல்லிலோ அதன் பேரிங்கிலோ குறை.

எந்த கியரானாலும், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் காலை எடுத்ததும் வேறுவிதமாகவும் கத்தினால், டிபரன்ஷியலில் இருக்கும் கிரௌன், பினியனைச் சந்தேகப்படுங்கள். திரும்பும்போது மட்டும் அங்கே 'கடமுட' என்றால், உள்ளே இருக்கும் சின்னப் பல் சக்கரங்கள்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி, வேகத்துக்குத் தகுந்தபடி மட்டும் 'ஹூம்' என்று கேட்டால், சக்கரப் பேரிங். வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

இது நம் பகுதிக்கே உரிய விஷயம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளை மூழ்கடித்தது நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தென்சென்னைப் புறநகரெல்லாம் தண்ணீரில் நின்றது. அம்மாதிரி சமயத்தில் எஞ்சினில் தண்ணீர் புகுந்ததா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். கியர் பாக்ஸையும் டிபரன்ஷியலையும் பார்ப்பவர்கள் குறைவு.

இவற்றில் காற்று போக ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான வண்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, துவாரத்தின் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஒரு தடவை இறங்கி ஏறினாலே இது நடக்கலாம். உள்ளே போன தண்ணீர் கியர் ஆயிலோடு கலந்து, பால் ஊற்றிய காப்பி மாதிரி ஆகிவிடும். அந்த ஆயிலுக்கு வழுக்கும் குணம் போச்சு. பேரிங்கின் பளபளப்பான முகத்தில் துருப் புள்ளிகள் விழும். தண்ணீர் வடிந்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து ஊளை ஆரம்பிக்கும். அதற்குள் நாம் வெள்ளத்தையே மறந்திருப்போம்.

ஆகவே சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அடித் திருகைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம்; ஆகவே வண்டி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் தண்ணீர்தான் முதலில் வரும். ஆயில் வெளுத்திருந்தால் முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். சக்கரப் பேரிங்குக்கும் புது கிரீஸ் வேண்டும். இந்தச் செலவு சில லிட்டர் ஆயிலோடு முடியும். விட்டுவிட்டால் கியர் பாக்ஸே போகும்.

ஆயில் அளவு

கியர் பாக்ஸ் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஆதி காரணம் ஆயில் குறைவதுதான். எஞ்சின் ஆயிலைத் தினமும் குச்சி விட்டுப் பார்க்கிறோம். கியர் ஆயிலுக்குப் பல வண்டிகளில் குச்சி கிடையாது, அதனால் மறந்துவிடுகிறோம். பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். சமதரையில், வண்டி ஆறிய பிறகு அதைத் திறந்து விரலை விட்டால், துவாரத்தின் விளிம்புவரை ஆயில் தட்டுப்பட வேண்டும். விரலில் இரும்புத்தூள் மினுமினுத்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது. வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா என்றும் காலையில் பாருங்கள்.

எந்த ஆயில் என்பதை வண்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தே வாங்குங்கள். டிபரன்ஷியலுக்கு ஏற்ற ஜி.எல்.5 ஆயில் சில வகைகள், கியர் பாக்ஸின் மஞ்சள் உலோக வளையத்தை அரித்துவிடும். 'எல்லாம் ஆயில்தானே' என்று ஊற்றக் கூடாது.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

கியர் பாக்ஸில் மரத்தூளைப் போட்டு, அல்லது கட்டி ஆயிலை ஊற்றி, ஊளையை அடக்கி விற்கும் தந்திரம் மோட்டார் வந்த காலத்திலிருந்தே உலகமெங்கும் பேசப்படுவது. ஆகவே பழைய வண்டியை விலை பேசுமுன் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால் போதாது. நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். எல்லா கியரையும், ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். பிறகு அடித் திருகைத் திறந்து ஆயிலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், அதுவே பதில்.

கடைசியாக ஒன்று. மெக்கானிக்கிடம் போய் 'என்னமோ சத்தம் வருதுப்பா' என்று சொன்னால், அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத்தான் செய்வார். கூலி ஏறும். அதற்குப் பதிலாக, 'தம்பி, கிளட்ச் அழுத்தினா சத்தம் வருது, விட்டா நிக்குது' என்றோ, 'லோடு ஏத்தினா மூணாவது கியரில் மட்டும் ஊளை' என்றோ சொல்லிப் பாருங்கள். எந்த கியர், எந்த வேகம், பாரத்தோடா காலியாகவா, நேரே போகும்போதா திரும்பும்போதா, கிளட்சில் கால் இருக்கும்போதா எடுத்த பிறகா என்ற ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நமக்கும் விவரம் தெரியும் என்று அவருக்கும் புரியும்.

நாளைக்கு விடியற்காலை வண்டியை எடுக்கும்போது முதல் ஒரு மைல் தூரம் பாட்டுப் போடாதீர்கள். வண்டி பேசட்டும். நீங்கள் கேளுங்கள்.